யார் வெளியேறுவது?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், சேத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. நெல்லும் தென்னையும் மாவும் விளையும் பூமி. ஒரு காலத்தில் அது ஜமீன் ஊர். 1948-ம் வருஷத்தில் சென்னைச் சட்டசபை ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த அதிகாரம் அதனுடன் முடிவுக்கு வந்தது. ஆனால் சேத்தூரிலும் சரி, சேத்தூரைப் போன்ற ஆயிரம் ஊர்களிலும் சரி, வீட்டுக்குள்ளே மட்டும் ஆட்சி நடத்தும் ஜமீன்தார்கள் பலர் இன்னும் இருந்துதான் வருகிறார்கள். இவர்களுக்குப் பேஷ்குஷ் கட்ட வேண்டிய தொந்தரவு இல்லை. மேல் அதிகாரியும் கிடையாது. மனைவியைக் கை நீட்டி அடித்தால் அது "வீட்டு விஷயம்." ஊரார் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்தத் திண்ணைக்கு உட்புறத்தில் இருக்கும் கதவைப் பற்றி. அடி விழுந்த இரவில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறவர் யார்?

நேயர்களுக்கு விடை தெரியும். போகிறவள் அடி வாங்கியவள்தான். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை, ஒரு துணிப் பை. அடித்தவர் உள்ளே பாயை விரித்துப் படுத்துவிடுகிறார். மறுநாள் காலையில் பெரியவர்கள் கூடுகிறார்கள். "நாலு நாளைக்கு ஆத்தா வீட்டுல இரு, தாயி. அவன் கோவம் தணியட்டும். அப்புறம் நாங்களே கூட்டியாந்து விடுறோம்" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் தீர்ப்பு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதே தீர்ப்பை வேறொரு வழக்குக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவன் ஒரு மளிகைக் கடையில் புகுந்து கடைக்காரரை அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "நாலு நாள் கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் இருங்கள், அண்ணாச்சி, அவனுக்குக் கோபம் தணியட்டும்" என்று எந்தப் பஞ்சாயத்தாவது சொல்லுமா? சொன்னால் அந்தப் பஞ்சாயத்தார் ஊரில் தலைகாட்ட முடியுமா?

நம்முடைய பாஷையே இந்த அநீதிக்கு உடந்தையாக இருக்கிறது. பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டு. புகுந்த வீடு என்று ஒன்று உண்டு. ஆணுக்கோ அடைமொழி எதுவும் இல்லாத வெறும் வீடு. பிறந்த வீட்டில் அவள் இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறவள். புகுந்த வீட்டில் வேறொரு வீட்டிலிருந்து வந்தவள். கணவனைப் பிரிந்து வந்துவிட்டாலோ, "வாழாவெட்டி" என்று ஒரு பட்டம். இந்தச் சொல்லுக்கு ஆண்பால் கிடையாது. தமிழில் இல்லாத சொல்லே இல்லை என்று மார்தட்டும் பண்டிதர்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம்: மனைவியை அடித்து விரட்டியவனுக்கும் ஒரு பெயர் தேடிக் கொடுங்கள்.

தென்பாண்டிச் சீமையில் மற்றொரு சிக்கலும் உண்டு. அத்தை மகனையோ மாமன் மகனையோ, சில குடும்பங்களில் தாய்மாமனையேயோ, மணந்துகொள்ளும் வழக்கம் இங்கே பழையது. சொந்தத்தில் கொடுத்தால் பெண் பத்திரமாக இருப்பாள் என்பது பெரியவர்களின் எண்ணம். பல சமயங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் அடி விழும்போது அதே உறவு அவளுடைய வாயை அடைத்துவிடுகிறது. புருஷன்மேல் புகார் கொடுத்தால், அது அம்மாவின் கூடப்பிறந்தவருடைய குடும்பத்தின்மேல் கொடுக்கும் புகாராகிவிடும். பேச்சு நடக்கத் தொடங்கிய நாள்முதல் "அத்தை" என்று கூப்பிட்டவரைக் கோர்ட்டில் "எதிர்மனுதாரர்" என்று எழுதிக்கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

ஆகவே பெரும்பாலோர் வாயைத் திறப்பதே இல்லை. 2019 முதல் 2021 வரையில் சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ் நாட்டில் மணமான பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய 38 பேர் கணவனிடம் கொடுமையை அநுபவித்ததாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் வெளிப்பட்ட இன்னொரு தகவல்தான் நம் மனத்தை அதிகம் வருத்துகிறது. இந்தியா முழுவதிலும் கொடுமைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 77 பேர் உதவியும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லி என்ன பிரயோஜனம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். சொன்ன மறுநிமிஷம் "எங்கே போவாய்?" என்ற கேள்வி வரும், அதற்கு அவர்களிடம் பதில் கிடையாது.

பெண்கள் நலத்துக்காகப் பாடுபட்ட நம் முன்னோர்களும் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டார்கள். சகோதரி சுப்புலட்சுமி அம்மாள் 1912-ல் சென்னையில் இளம் விதவைகளுக்காக ஓர் இல்லம் ஏற்படுத்தினார். பிற்பாடு அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இந்த இல்லங்கள் எத்தனை பெண்களுக்கு எழுத்தும் தொழிலும் தைரியமும் கொடுத்தன என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீடு இல்லாத பெண்ணுக்கு வீடு கொடுத்தார்கள். அவளுக்கு வீடு ஏன் இல்லாமல் போயிற்று என்ற கேள்விக்கு அந்தக் காலத்துச் சட்டப் புத்தகங்களில் பதில் இல்லை.

1946-ம் வருஷத்தில், அதாவது சுயராஜ்யத்துக்கு முந்திய வருஷத்தில், டில்லியில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. கணவன் கொடுமை செய்தாலோ, கைவிட்டாலோ, மறு விவாகம் செய்துகொண்டாலோ, ஹிந்து மனைவி தனியாக வசித்து அவனிடம் ஜீவனாம்சம் பெறலாம் என்றது அந்தச் சட்டம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் கவனியுங்கள்: அதுவும் அவளுக்கு வெளியேறும் உரிமையைத்தான் கொடுத்தது. பிறகு சுதந்திரம் வந்தது. ஹிந்து சட்ட மசோதா நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதை முக்கியமான காரணமாகச் சொல்லி டாக்டர் அம்பேத்கார் 1951-ல் மந்திரி பதவியைத் துறந்தார். விவாகச் சட்டம் 1955-ல் வந்தது. வாரிசுச் சட்டம் 1956-ல். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ல். மனைவியைக் கொடுமைப்படுத்துகிறவனுக்குச் சிறைத் தண்டனை கொடுக்கும் 498-ஏ பிரிவு 1983-ல் சேர்ந்தது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் அதுவே பாரதீய நியாய சம்ஹிதையில் 85-வது பிரிவாக இருக்கிறது. இவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டும் அடி வாங்கிய பெண் அன்றிரவு எங்கே படுப்பாள் என்பதற்கு வழி ஏற்படவில்லை. கணவனைச் சிறைக்கு அனுப்பலாம். ஆனால் அவன் ஜாமீனில் திரும்பி வரும்போது அவள் அந்த வீட்டு வாசற்படியில்கூட நிற்க முடியாது. தவிரவும், "அவரை ஜெயிலில் போட வேண்டாம், ஐயா. அடிக்காமல் இருந்தால் போதும்" என்று சொல்கிற பெண்களே நம்மில் அதிகம். அவர்கள் கேட்டதைக் கொடுக்கும் சட்டம் 1946-க்குப் பிறகு 59 வருஷம் கழித்து வந்தது.

அதுதான் 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், அவள் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 17-வது பிரிவு. 19-வது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. அவளை வெளியேற்றக் கூடாது என்று மாஜிஸ்டிரேட் உத்தரவு போடலாம். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று தடுக்கலாம். வேறு வீடு பிடித்துக் கொடுக்கும்படியோ வாடகை கட்டும்படியோ சொல்லலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தவனைப் பார்த்து, "நீ வெளியே போ" என்று கட்டளையிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனைவிக்கு மட்டுமே இந்தச் சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் மகனை வீட்டை விட்டு அகற்றும்படி தாயாரும் கேட்கலாம். சகோதரியும் கேட்கலாம். எத்தனை தாய்மார்களுக்கு இது தெரியும்?

ஆயிரம் வருஷத்துப் பழக்கத்தை ஒரு பிரிவு தலைகீழாக்கினால் அதற்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? சட்டம் அமலுக்கு வந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை; 2006 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பு அந்த உரிமையைப் பாதியாகக் குறுக்கிவிட்டது. வீடு கணவனுக்குச் சொந்தமாகவோ அவன் வாடகைக்கு எடுத்ததாகவோ இருக்க வேண்டும். அல்லது அவனுக்குப் பாகமுள்ள கூட்டுக் குடும்பத்து வீடாக இருக்க வேண்டும். மாமியார், மாமனாரின் சொந்தப் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அங்கே உரிமை கிடையாது என்று அந்தத் தீர்ப்புச் சொல்லிற்று. நம் ஊர் வீடுகளில் பத்திரம் யார் பெயரில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அந்தத் தீர்ப்புத் தவறு என்று தள்ளியது. இடையில் கழிந்தது ஏறக்குறைய பதினான்கு வருஷம்: வனவாசக் கணக்கு. அந்த வருஷங்களில் கதவுக்கு வெளியே நின்ற பெண்களுக்குப் பட்டாபிஷேகம் எதுவும் நடக்கவில்லை.

மாமனார் மாமியார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆயுள் முழுவதும் உழைத்துக் கட்டிய வீட்டில், முதுமைக் காலத்தில், மகனுக்கும் மருமகளுக்கும் நடுவே நடக்கும் யுத்தத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2020-ம் வருஷத்துத் தீர்ப்பும் இதை ஒதுக்கிவிடவில்லை. மருமகளின் குடியிருப்பு உரிமை எல்லையற்றதல்ல, முதியவர்களின் நிம்மதியையும் கோர்ட்டு சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் சில புத்திசாலிப் பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் ஏற்பட்ட சட்டத்தின்கீழ்ப் பெற்றோரை மனுப் போடச் செய்து, அதன் மூலம் மனைவியை அகற்றுகிற வழி. வயோதிகர்களுக்குக் கொடுத்த ஊன்றுகோலை மருமகளை அடிக்கும் தடியாக ஆக்குகிற காரியம் இது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியையும் அடைத்தது. ஒரு சட்டத்தைக் காட்டி மற்றொரு சட்டம் கொடுத்த குடியிருப்பு உரிமையைப் பறிக்க முடியாது என்று விளங்க வைத்தது.

நாம் நம்மைப் பெரிய தேசம் என்று சொல்லிக்கொள்கிறோம்; பெருமைதான். ஆனால் இந்த விஷயத்தில் சின்னஞ்சிறு நாடுகளிடமும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. நமக்கு அண்டையில் இருக்கும் இலங்கையில் இரண்டு கோடிச் சொச்சம் ஜனங்கள். நம் சட்டம் நிறைவேறிய அதே 2005-ல்தான் அவர்களும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர் ஆணாயினும் பெண்ணாயினும் மனுப் போடலாம். அவருக்காகப் போலீஸ் அதிகாரியும் போடலாம். பதினான்கு நாளுக்குள் மாஜிஸ்டிரேட் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அடிப்பவரை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று பன்னிரண்டு மாதம் வரையில் தடுத்துவைக்கலாம். நம் சட்டத்திலும் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்றும், அறுபது நாளுக்குள் முடிக்க முயலவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. காகிதத்தில் நாம் இலங்கையை முந்திவிட்டோம். கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும் பெண்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

ஐரோப்பாவில் உள்ள ஆஸ்திரியாவோ நம் தமிழ் நாட்டின் ஜனத்தொகையில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அங்கே 1997 மே மாதத்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. சண்டை என்று தகவல் வந்து வீட்டுக்குப் போகும் போலீஸ்காரர், ஆபத்து இருக்கிறது என்று கண்டால், அடித்தவனை அந்த இடத்திலேயே வெளியேற்றிவிடலாம். வீட்டுச் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். இரண்டு வாரத்துக்கு அவன் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அதற்குள் அவள் கோர்ட்டுக்குப் போய் நீண்டகாலத் தடை கேட்டுக்கொள்ளலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியே அந்த இரவில் எழுவதில்லை. இதைப் பார்த்து ஜெர்மனி 2002-லும், நம் ஜில்லா அளவுகூட ஜனங்கள் இல்லாத லக்ஸம்பர்க் 2003-லும் இதே பாதையில் சட்டம் செய்தன.

இப்பொழுது சேத்தூருக்குத் திரும்பி வருவோம். நம் தமிழ் நாட்டில் மதுக்கடை இரவு பத்து மணிக்கு மூடுகிறது. கோர்ட்டு மாலையிலேயே மூடிவிடுகிறது. அடி விழுவது பத்து மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் சேத்தூர்ப் பெண் எங்கே போவாள்? ஊரில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அங்குள்ள அதிகாரிக்கு ஆஸ்திரியப் போலீஸ்காரரைப் போல் சாவியை வாங்கும் அதிகாரம் கிடையாது. மகளிர் போலீஸ் ஸ்டேஷன் ராஜபாளையத்தில். மனுப் போட வேண்டிய மாஜிஸ்டிரேட் கோர்ட்டும் ராஜபாளையத்தில். அப்பீல் என்றால் ஸ்ரீவில்லிப்புத்தூர். ஜில்லாக் கோர்ட்டு அங்கேதான் இருக்கிறது. சட்டத்தின்படி அவளுக்கு உதவி செய்ய வேண்டிய பாதுகாப்பு அலுவலரின் ஆபீஸோ ஜில்லாத் தலைநகரான விருதுநகரில். மலையடிவாரத்து ஊரிலிருந்து கிளம்புகிறவள் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர வேண்டும். கூலி வேலை செய்கிறவளுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. அவருக்கு அப்படி இல்லை. வீடு அவரிடம் இருக்கிறது, வாய்தா நீள நீள அவருக்கு லாபம்.

தமிழ் நாட்டில் மகளிர் போலீஸ் ஸ்டேஷன்கள் 1992 முதல் ஏற்பட்டன. ஆண் போலீஸ்காரரிடம் சொல்லக் கூசுகிறதைப் பெண்ணிடம் சொல்லலாம் என்ற அளவில் அது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் சமரசம் பேசி அனுப்பும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துப் புத்தி சொல்லி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கைதானே வீட்டுக்குப் போய் மறுபடியும் ஓங்குகிறது? சமரசமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அடிப்பவன் வெளியே இருக்கும்போது பேசுகிற சமரசத்துக்கும், அவள் வெளியே நிற்கும்போது பேசுகிற சமரசத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் குறிப்பிடுகிறோம். இரண்டாவதில் அவள் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டித்தான் தீர வேண்டும். 2005-ம் வருஷத்துச் சட்டத்தின் 5-வது பிரிவு, புகார் பெறும் போலீஸ் அதிகாரி குடியிருப்பு உத்தரவு முதலான அவளுடைய உரிமைகளை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். புத்திமதிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

ராஜபாளையத்தைப் பற்றிப் பேசும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாகவும் முதல் மந்திரியாகவும் இருந்த ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா அந்த ஊர்க்காரர். தம் சொந்த வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டவர். அந்த ஊரைச் சுற்றிலும், குடியிருக்கும் வீட்டில் ஒரு மூலையைக்கூட மனைவிக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த மனைவிமார் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ராஜபாளையத்து நூல் மில்களில் பெண்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத் துணி தயாராவதிலும் பெண்களின் உழைப்பு இருக்கிறது. கூலி வருகிறது, குடும்பத்துக்குள் கரைகிறது. வீட்டுப் பத்திரத்தில் பெயர் ஏறுவதில்லை.

கோர்ட்டு கொடுக்கும் குடியிருப்பு உரிமை கண்டிப்பாக வேண்டியதுதான். ஆனால் அது வியாதி வந்த பிறகு கொடுக்கும் மருந்து. சேத்தூர் மலைக்கு அப்பால் உள்ள கேரளத்தில், திருவனந்தபுரம் ஜில்லாவில், பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் என்ற இரு அறிஞர்கள் 502 பெண்களிடம் விசாரித்து 2005-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சொத்து எதுவும் இல்லாத மனைவிமாரில் நூற்றுக்கு 49 பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். சொந்தப் பெயரில் நிலம் மட்டும் இருந்தவர்களில் 18 பேர். வீடு மட்டும் இருந்தவர்களில் 10 பேர். வீடும் நிலமும் இருந்தவர்களில் 7 பேர். படிப்பு, வருமானம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் நிலைத்து நின்றது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. அவளுக்குப் போக இடம் இருக்கிறது என்றும், அல்லது தான்தான் போக வேண்டியிருக்கும் என்றும் தெரிந்தால், ஓங்கிய கை கொஞ்சம் யோசிக்கிறது.

பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர் பெண்ணுக்குச் சீதனமாக வீட்டையும் காணியையும் எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை நூலிலேயே சீதனத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் 1911-ம் வருஷத்துச் சட்டம், மனைவி தன் ஸ்தாவர சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. சொத்து அவளுடையது, பேனா அவருடையது! கிழக்கே மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் வழக்கம் இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். "புகுந்த வீடு" என்ற சொல்லை அங்கே மாப்பிள்ளைக்கல்லவா உபயோகிக்க வேண்டும்!

நம் பழைய ராமநாதபுரம் சீமையிலும் ஒரு பெண்மணி சொத்துக்காகப் போராடி ஜெயித்திருக்கிறார். சிவகங்கை ஜமீன்தார் 1829-ல் காலமான பிறகு, அவருடைய புதல்வி காத்தம நாச்சியாரின் வழக்கு லண்டன் பிரிவி கௌன்ஸில் வரையில் போயிற்று. 1863-ல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. ராணிக்கே 34 வருஷம்! நல்ல வேளையாக இன்று சாதாரண வீட்டுப் பெண் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பாகம் உண்டு என்று தமிழ் நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. அதுவரை மணமாகாத பெண்களுக்கு அது பொருந்திற்று. 2005 செப்டம்பரில் மத்திய சர்க்கார் மணமானவர், மணமாகாதவர் என்ற பேதத்தையும் நீக்கிவிட்டது.

உரிமை வந்துவிட்டது; அதை எழுதி வாங்கிக்கொள்ளும் பத்திரமும் கூடவே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலோ பின்னாலோ, "உனக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அண்ணன் தம்பிக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா" என்று பெண்ணை ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு அழைத்துப் போகிறார்கள். அவளும் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகக் கூடாதே என்று போடுகிறாள். அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நமக்குத் தெரியாது. நகைச்சுவை உள்ளவராகத்தான் இருக்க வேண்டும். அவள் போட்ட நகையோ புகுந்த வீட்டில் முதல் வருஷத்திலேயே அடகுக் கடைக்குப் போய்விடுகிறது.

நேயர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் பலர் இருப்பீர்கள். ஐம்பது பவுன் போடுகிறோம், அறுபது பவுன் போடுகிறோம் என்று கணக்குப் பார்க்கும்போது, அதில் ஒரு பகுதிக்கு இரண்டு சென்ட் மனையோ ஒரு சிறு வீடோ அவள் பெயரில் வாங்கிப் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். வரதட்சிணையாக வேண்டாம், அவளுடைய பாகமாக. பத்திரம் அவள் கையில் இருக்கட்டும். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்ணின் பெயரில் வாங்கிப் பதிந்தால் தமிழ் நாடு சர்க்கார் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்துக்கொள்கிறார்கள். அடி விழுந்துகொண்டிருக்கும் வீடு உங்கள் தெருவில் இருந்தால், 181 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தகவல் கொடுத்தவர்மேல் அதற்காக வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது.